தேதி தவறிய ரிட்டர்னில் தொழில் நஷ்டம்: எது நிற்கும், எது போகும்

நஷ்டம் வந்த ஆண்டில்தான் ரிட்டர்ன் தள்ளிப்போகிறது. லாபம் வந்தால் வரி, வட்டி என்ற பயத்தில் ஆடிட்டரிடம் நாமே ஓடுவோம். நஷ்டம் வந்தால் "கட்ட வேண்டியது ஒன்றுமில்லையே, மெதுவாகப் போட்டுக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுவோம். வருமான வரிச் சட்டம் இதை நேர்மாறாகப் பார்க்கிறது. லாபக் கணக்கைத் தாமதமாகக் கொடுத்தவர் கட்டணமும் வட்டியும் கட்டிவிட்டுப் போகலாம். நஷ்டக் கணக்கைத் தாமதமாகக் கொடுத்தவருக்கோ, அடுத்த 8 ஆண்டுகளின் லாபத்தில் அந்த நஷ்டத்தைக் கழிக்கும் உரிமையே போய்விடுகிறது. அதை மீட்கக் கட்டணம் என்று ஒன்று கிடையாது.

ஆனால் தேதி தவறியதும் நஷ்டம் முழுவதும் செத்துவிட்டது என்று நினைத்துக் கைவிடுவதும் தவறுதான். ஒரு பகுதி தேதிக்குக் கட்டுப்பட்டது, இன்னொரு பகுதி கட்டுப்படாதது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் விடுதி, ஆத்தங்குடிக் கல் பட்டறை, கண்டாங்கி நெசவு, பலகாரத் தயாரிப்பு, பழம்பொருள் கடை என்று புதிதாகத் தொழிலில் இறங்கியவர்களுக்கு இந்தப் பிரிவினை தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

இங்கே வரும் பிரிவு எண்கள் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தினுடையவை. தேதிகள் நிதியாண்டு 2024-25 வரைக்குமானவை. 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம், 2025 நடைமுறைக்கு வந்திருப்பதால் எண்கள் மாறும். பழைய ஆண்டுகளின் கணக்குக்குப் பழைய சட்டமே பொருந்தும். அடுத்து வரும் ஆண்டுகளுக்கு அந்தந்த ஆண்டின் கடைசித் தேதியை வருமான வரித் துறையின் போர்ட்டலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: நஷ்டத்தைப் பிரிப்பது

லாப நஷ்டக் கணக்கின் அடியில் இருக்கும் ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு எதுவும் முடிவு செய்யாதீர்கள். வருமான வரிச் சட்டப்படி கணக்கிட்ட தொழில் நஷ்டத்தை இரண்டாகப் பிரியுங்கள்.

ஒன்று, தேய்மானம் (கட்டடம், இயந்திரம் போன்றவை பழசாவதற்காக ஆண்டுதோறும் கழிக்கும் தொகை) கழிப்பதற்கு முன்பே வந்த நஷ்டம். சரக்கு, கூலி, மின்கட்டணம், வாடகை, கடன் வட்டி எல்லாம் போக வரவு போதாமல் விழுந்த பள்ளம் இது. பிரிவு 72-இல் வரும். 8 மதிப்பீட்டு ஆண்டுகள் முன்னெடுத்துச் செல்லலாம் (மதிப்பீட்டு ஆண்டு என்பது வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு). ஆனால் பிரிவு 80-உம் 139(3)-உம் சேர்ந்து ஒரு நிபந்தனை போடுகின்றன: நஷ்டம் வந்த ஆண்டின் ரிட்டர்ன், 139(1)-இல் சொன்ன கடைசித் தேதிக்குள் போயிருக்க வேண்டும்.

இரண்டு, லாபம் போதாததால் கழிக்க முடியாமல் நின்ற தேய்மானம். இது பிரிவு 32(2)-இல் வரும். பிரிவு 80 இதைத் தொடுவதில்லை. ரிட்டர்ன் தாமதமானாலும் இது நிற்கும், ஆண்டு வரம்பும் கிடையாது. அடுத்த ஆண்டுகளில் தொழில் லாபத்தில் மட்டுமல்ல, வாடகை, வட்டி போன்ற மற்ற வருமானத்திலும் கழிக்கலாம். சம்பளத்தில் மட்டும் கழிக்க முடியாது.

ஒரு கூட்டாண்மை நிறுவனம் (பார்ட்னர்ஷிப் ஃபர்ம்) விடுதி நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். தேய்மானத்துக்கு முன் நஷ்டம் 6 லட்சம், தேய்மானம் 4 லட்சம், மொத்தம் 10 லட்சம். வேறு வருமானம் இல்லை. அடுத்த ஆண்டு, அந்த ஆண்டின் தேய்மானமும் போக லாபம் 9 லட்சம்.

ரிட்டர்ன் நேரத்தில் போயிருந்தால், முதலில் 6 லட்சம் நஷ்டம் கழியும், அடுத்து பழைய தேய்மானத்தில் 3 லட்சம் கழியும். வரி பூஜ்யம், இன்னும் 1 லட்சம் கையிருப்பு. ரிட்டர்ன் தாமதமாகியிருந்தால் 4 லட்சம் தேய்மானம் மட்டுமே கழியும். மீதி 5 லட்சத்துக்கு 30 சதவீத வரியும் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 1,56,000 ரூபாய். தாமதத்தின் உண்மையான விலை இதுதான். தாமதக் கட்டணமான 1,000 ரூபாயைப் பார்த்து "அவ்வளவுதானே" என்று ஆறுதல் கொள்பவர்கள் இந்த இரண்டாவது எண்ணைப் பார்ப்பதில்லை.

அதே விடுதிக்குத் தேய்மானத்துக்கு முன் 1 லட்சம் லாபம், தேய்மானம் 4 லட்சம் என்றால் மொத்த நஷ்டம் 3 லட்சம். இந்த 3 லட்சமும் கழியாமல் நின்ற தேய்மானமே. ரிட்டர்ன் தாமதமானாலும் ஒரு ரூபாய்கூடப் போகாது. இந்தக் கணக்கைப் போடாமலே "எல்லாம் போச்சு" என்று ரிட்டர்னே தாக்கல் செய்யாமல் விடுவதுதான் பெரிய இழப்பு.

பிரிக்கும்போது மற்ற வகை நஷ்டங்களையும் தனித்தனியாக எடுத்து வையுங்கள். பங்குச் சந்தையில் அன்றைக்கே வாங்கி அன்றைக்கே விற்ற நஷ்டம் ஊக வணிக நஷ்டம். 4 ஆண்டுகள்தான், ஊக வணிக லாபத்தில் மட்டும்தான் கழியும், தேதி நிபந்தனையும் உண்டு. எஃப் அண்ட் ஓ (பங்குச் சந்தையின் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) நஷ்டம் சாதாரணத் தொழில் நஷ்டமாகவே போகும். மூலதன நஷ்டத்துக்கும் தேதி நிபந்தனை உண்டு. வீட்டுச் சொத்து நஷ்டம் (பிரிவு 71பி) தாமதமானாலும் நிற்கும்.

உங்கள் கடைசித் தேதி எது?

இதில் தப்புக் கணக்குப் போடுபவர்கள் அதிகம். ஆடிட் தேவைப்படாத தொழிலுக்குச் சட்டப்படி ஜூலை 31. ஆடிட் கட்டாயமான தொழிலுக்கும், ஆடிட் கட்டாயமான கூட்டாண்மை நிறுவனத்தின் பங்குதாரருக்கும் அக்டோபர் 31. மத்திய நேரடி வரிகள் வாரியம் தேதியை நீட்டித்தால் நீட்டித்த தேதியே நஷ்டத்துக்கும் கடைசித் தேதி. மதிப்பீட்டு ஆண்டு 2025-26-க்கு ஆடிட் இல்லாதவர்களுக்கு 2025 செப்டம்பர் 16 வரையும், ஆடிட் உள்ளவர்களுக்கு 2025 டிசம்பர் 10 வரையும் நீட்டித்தார்கள். ஆகவே "ஜூலை தாண்டிவிட்டதே" என்று பதறுமுன் அந்த ஆண்டுக்கு நீட்டிப்பு இருந்ததா என்று பாருங்கள்.

ஆடிட் கட்டாயமா என்பதைச் சட்டம்தான் தீர்மானிக்கும், உங்கள் விருப்பம் அல்ல. விற்றுமுதல் 1 கோடியைத் தாண்டினால் ஆடிட். ரொக்க வரவும் ரொக்கச் செலவும் தனித்தனியே மொத்தத்தில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் அந்த வரம்பு 10 கோடி. வங்கிக் கடனுக்காக நீங்களாகவே ஆடிட் செய்துகொண்டால் கடைசித் தேதி அக்டோபருக்கு நகராது. 60 லட்சம் விற்றுமுதல் உள்ள ஒருவர் "ஆடிட்டர் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே" என்று அக்டோபரில் ரிட்டர்ன் போட்டால் அது தாமத ரிட்டர்ன்தான். நஷ்டம் போய்விடும்.

இதைவிடக் கொடுமை சரிபார்ப்பில் நடக்கிறது. ரிட்டர்னை ஏற்றியபின் 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி போன்ற வழியில் மின்சரிபார்ப்புச் செய்ய வேண்டும், அல்லது கையெழுத்திட்ட ஐடிஆர்-வி (சரிபார்ப்புத் தாள்) வரித் துறையின் பெங்களூரு ரிட்டர்ன் செயலாக்க மையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். 30 நாளைத் தாண்டிச் சரிபார்த்தால், சரிபார்த்த தேதியே தாக்கல் தேதி. ஜூலை 28-இல் ஏற்றி செப்டம்பரில் சரிபார்த்தவர், அந்த ஆண்டு நீட்டிப்பு ஏதும் இல்லையென்றால், தாமதமாகப் போட்டவர்தான். டிஜிட்டல் கையொப்பம் பயன்படுத்துபவர்கள் அதன் காலாவதித் தேதியை ஒரு மாதம் முன்பே பாருங்கள். ஆதாரோடு இணைத்த கைபேசி எண் சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளையிடம் இருந்தால் ஓடிபி வரும் நேரத்தையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் இது சின்ன விஷயமே அல்ல.

இன்னொன்று, குறைபாடுள்ள ரிட்டர்ன் என்று 139(9)-இல் நோட்டீஸ் வந்தால் 15 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும். ஐந்தொகை விவரமும் லாப நஷ்ட விவரமும் நிரப்பாமல் நஷ்டத்தை மட்டும் காட்டினால் இந்த நோட்டீஸ் வரும். பதில் கொடுக்காவிட்டால் ரிட்டர்னே போடவில்லை என்றாகி, நேரத்தில் போட்ட பலனும் போய்விடும்.

தேதிக்குள் கணக்கு முடியாவிட்டால்

கணக்கு முழுதும் முடியும் வரை காத்திருக்காதீர்கள். கையில் உள்ள பில், வங்கி அறிக்கை, ஜிஎஸ்டி ரிட்டர்ன் இவற்றை வைத்து நேர்மையாகப் போட முடிந்த எண்களோடு கடைசித் தேதிக்குள் தாக்கல் செய்யுங்கள். விடுபட்டதை 139(5) திருத்த ரிட்டர்னில் சேர்க்கலாம். மதிப்பீட்டு ஆண்டின் டிசம்பர் 31 வரை அதற்கு நேரம் உண்டு. முதல் ரிட்டர்ன் நேரத்தில் போயிருந்தால் திருத்தத்தில் வரும் நஷ்டத்துக்கும் அந்தப் பாதுகாப்பு தொடரும். எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம் போட்டு இடம் பிடித்து வைக்கும் வேலை மட்டும் வேண்டாம். திருத்தம் என்பது விடுபட்டதையும் தவறியதையும் சரிசெய்வதற்கு. ஒன்றுமே இல்லாத ரிட்டர்னை டிசம்பரில் 20 லட்சம் நஷ்டமாக மாற்றினால் கேள்வி வரும், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கடினம்.

படிவமும் முக்கியம். சிறு தொழில் என்பதால் பழக்கத்தில் ஐடிஆர்-4 போட்டு, உத்தேச லாபம் காட்டும் முறையான 44ஏடி-யின் கீழ் விற்றுமுதலில் 8 அல்லது 6 சதவீதம் லாபம் காட்டியவர் அந்த ஆண்டில் நஷ்டமே காட்ட முடியாது. நஷ்டத்தை முன்னெடுக்கவோ, முன்னெடுத்ததைக் கழிக்கவோ அந்தப் படிவத்தில் இடம் இல்லை. தனிநபருக்கும் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும் ஐடிஆர்-3, கூட்டாண்மை நிறுவனத்துக்கு ஐடிஆர்-5. 44ஏடி-யில் இருந்தவர் நஷ்டம் காட்ட வெளியே வந்தால் அடுத்த 5 ஆண்டுகள் அதற்குள் திரும்ப முடியாது என்பதையும் கணக்கில் வைத்து முடிவெடுங்கள். நஷ்டம் சின்னதாக இருந்தால் இந்த விலை சில நேரம் கட்டுப்படியாகாது.

தேதி போய்விட்டது. இப்போது என்ன செய்வது?

மதிப்பீட்டு ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 139(4) தாமத ரிட்டர்னைத் தாக்கல் செய்யுங்கள். வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 234எஃப் கட்டணம் 1,000 ரூபாய், மேலே போனால் 5,000. இந்த ரிட்டர்னால் மூன்று பலன் உண்டு.

முதலாவது, அதே ஆண்டுக்குள் கழிப்பது. தேதி நிபந்தனை முன்னெடுப்பதற்குத்தான். அந்த ஆண்டின் தொழில் நஷ்டத்தை அதே ஆண்டின் வேறு தொழில் லாபத்திலும், கடை வாடகையிலும், வங்கி வட்டியிலும், நிலம் விற்ற மூலதன ஆதாயத்திலும் கழிக்கலாம். தாமத ரிட்டர்னிலும் இது செல்லும். சம்பளம், லாட்டரிப் பரிசு, கிரிப்டோ ஆதாயம் இவற்றில் கழிக்க முடியாது. பூர்வீக நிலம் விற்ற ஆண்டும் விடுதி நஷ்டமும் ஒரே ஆண்டில் வந்திருந்தால், பெரிய தொகை இங்கேயே காப்பாற்றப்படும்.

இரண்டாவது, கழியாத தேய்மானம் பதிவாகும். மூன்றாவது, பிறகு தாமதத்தைப் பொறுக்கக் கோரி மனுப் போடும்போது நஷ்டத் தொகை ஏற்கெனவே பதிவில் இருக்கும்.

படிவத்தில் ஷெட்யூல் சிஒய்எல்ஏ நடப்பு ஆண்டுக் கழிப்புக்கு, பிஎஃப்எல்ஏ முன் ஆண்டுகளிலிருந்து வந்ததைக் கழிப்பதற்கு, சிஎஃப்எல் முன்னெடுக்கும் நஷ்டத்துக்கு, யுடி கழியாத தேய்மானத்துக்கு. தாமத ரிட்டர்ன் போடுபவர் செய்யும் வழக்கமான பிழை, தேய்மானத்தை யுடி-யில் காட்டாமல் மொத்த நஷ்டத்தோடு கலந்துவிடுவது. அப்படிக் கலந்தால், நிற்க வேண்டிய தேய்மானமும் தாமத நஷ்டத்தோடு சேர்ந்து தள்ளுபடியாகும். தாக்கல் செய்யுமுன் யுடி பக்கத்தைத் திறந்து உங்கள் தேய்மானத் தொகை அங்கே இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

சிஎஃப்எல்-இல் ஒவ்வொரு பழைய ஆண்டுக்கும் எதிரே ரிட்டர்ன் தாக்கல் தேதி கேட்கும். அதை ஊகித்து எழுதாதீர்கள். போர்ட்டலில் இ-ஃபைல், இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன்ஸ், வியூ ஃபைல்டு ரிட்டர்ன்ஸ் என்று போய் ஒப்புகைச் சீட்டை இறக்கி, எந்தப் பிரிவில் தாக்கலானது, எந்தத் தேதி, எப்போது சரிபார்ப்பு என்று பார்த்து எழுதுங்கள். பிரிவு 143(1)-இன் கீழ் ரிட்டர்னை முதற்கட்டமாகப் பரிசீலிக்கும்போது பெங்களூரு மையம் இந்தத் தேதியைத் தன் பதிவோடு ஒப்பிட்டு, தாமத ஆண்டின் நஷ்டக் கழிப்பைத் தானாகவே நீக்கிவிடும்.

இங்கே ஒரு நல்ல செய்தியும் உண்டு. நஷ்டம் வந்த ஆண்டின் ரிட்டர்ன் நேரத்தில் போயிருந்தால் போதும். அதைக் கழிக்கும் ஆண்டின் ரிட்டர்ன் தாமதமானாலும் பழைய நஷ்டம் கழியும். அதுபோல, நஷ்டம் தந்த தொழிலை மூடிவிட்டாலும் வேறு தொழிலின் லாபத்தில் கழிக்கலாம். பட்டறையை மூடிவிட்டுப் பலகாரக் கடை வைத்தவருக்குப் பட்டறையின் நஷ்டம் பயன்படும். 2024-25-இல் வந்த நஷ்டத்தை 2032-33 நிதியாண்டு வரை கழிக்கலாம்.

டிசம்பர் 31-உம் போய்விட்டால் அப்டேட்டட் ரிட்டர்ன் என்று ஒன்று இருக்கிறதே என்பார்கள். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதம் வரை 139(8ஏ)-இல் அதைப் போடலாம் என்பது உண்மை. ஆனால் நஷ்ட ரிட்டர்னாக அதைப் போட முடியாது. வரியைக் குறைக்கவோ ரீஃபண்டைக் கூட்டவோ கூடாது. உங்கள் பிரச்சினைக்கு அந்தக் கதவு மூடியதே.

வரி முறையையும் பாருங்கள். தொழில் வருமானம் உள்ள தனிநபர் பழைய வரி முறைக்குப் போக வேண்டுமானால் 10-ஐஇஏ படிவத்தை 139(1) தேதிக்குள் கொடுத்திருக்க வேண்டும். தாமதித்தால் அந்த ஆண்டுக்குப் புதிய முறைதான். புதிய முறையில் சாதாரணத் தொழில் நஷ்டத்துக்குத் தடை இல்லை, ஆனால் கூடுதல் தேய்மானம் போன்ற சில சலுகைகளால் உண்டான பழைய நஷ்டப் பகுதி கழியாது. வீட்டுச் சொத்து நஷ்டத்தை வேறு வருமானத்தில் கழிப்பதும் நின்றுவிடும்.

பூர்வீக வீட்டு விடுதியில் தேய்மானம்

நம் பகுதிக்கு இது தனியாகவே பார்க்க வேண்டிய விஷயம். எது பராமரிப்புச் செலவு, எது மூலதனச் செலவு என்ற பிரிவினைதான் தாமத ரிட்டர்னில் எவ்வளவு நிற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

பாட்டனார் கட்டிய வீட்டை விடுதியாக்கினால், அதன் இன்றைய சந்தை மதிப்புக்குத் தேய்மானம் போட முடியாது. சொந்த உபயோகத்தில் இருந்த கட்டடம் தொழிலுக்கு வரும்போது அதன் அடக்க விலையில் இருந்து, இத்தனை ஆண்டும் தேய்மானம் போட்டிருந்தால் எவ்வளவு குறைந்திருக்குமோ அதைக் கழித்துவிட வேண்டும். அந்தக் காலத்துச் செலவில் இப்படிக் கழித்தால் மிச்சம் ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். பர்மா தேக்குத் தூணுக்கு இன்று என்ன விலை என்ற மதிப்பீட்டுச் சான்றிதழ் இதற்கு உதவாது.

ஆனால் விடுதிக்காகப் புதிதாகக் கட்டிய கழிப்பறைகள், அடுக்களை, நீச்சல் குளம், வளவில் எழுப்பிய புது அறை இவை மூலதனச் செலவு. கட்டடமாக இருந்தால் 10 சதவீதம். கட்டில், மேசை, மின் பொருத்துகள் 10 சதவீதம். ஏசி, ஜெனரேட்டர் போன்ற இயந்திரங்கள் 15 சதவீதம், கம்ப்யூட்டர் 40. வாங்கிப் பயன்படுத்தத் தொடங்கி அந்த ஆண்டில் 180 நாளுக்குக் குறைவு என்றால் பாதிதான். மார்கழி சீசனைக் குறிவைத்து நவம்பரில் திறப்பவருக்கு முதல் ஆண்டில் பாதித் தேய்மானமே கிடைக்கும்.

வீடு பங்காளிகள் பலருக்குப் பொதுவாக இருந்து, அவர்களிடம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறீர்களா? நீங்கள் செய்த கட்டடச் செலவுக்கு, கட்டடத்துக்கு உரிமையாளர் போலவே நீங்கள் தேய்மானம் கோரலாம், பிரிவு 32 அதற்கு இடம் தருகிறது. ஆனால் குத்தகைப் பத்திரம் இருக்க வேண்டும், செலவு உங்கள் தொழில் கணக்கில் இருந்து போயிருக்க வேண்டும். வாய்ப்பேச்சு ஏற்பாடு பங்காளிகளுக்குள் செல்லும், வரி அதிகாரியிடம் செல்லாது.

உடைந்த ஓடு மாற்றுவது, சுண்ணாம்புப் பூச்சைச் சரிசெய்வது, ஒழுகும் நடுமுற்றத்தைப் பார்ப்பது எல்லாம் நடப்புப் பராமரிப்பு. முழுதும் அந்த ஆண்டுச் செலவு. அதனால் வரும் நஷ்டம் தேதிக்குக் கட்டுப்பட்டது. தாமதமான பின் நஷ்டத்தைக் காப்பாற்றப் பராமரிப்பை மூலதனமாக எழுதி மாற்றுவது கணக்கு ஏமாற்று. பில்லில் என்ன வேலை நடந்தது என்று எழுதியிருக்கும், அது நிற்காது. எதிர்த்திசையிலும் வழி இல்லை. தேய்மானம் போடாமல் சேமித்து வைக்கவும் முடியாது, அது கட்டாயக் கழிவு.

வேலையாட்களுக்கும் மரக்கடைக்கும் ரொக்கமாகக் கொடுத்த தொகையையும் பாருங்கள். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு கழியாது. புத்தகத்தில் 6 லட்சம் நஷ்டம் இருந்து, அதில் இரண்டரை லட்சம் இப்படிக் கொடுத்ததாக இருந்தால், சட்டத்தின் கண்ணில் நஷ்டம் மூன்றரை லட்சம்தான். மூலதனப் பொருளை இப்படி வாங்கினால் அந்தத் தொகை தேய்மானத்துக்கான அடக்க விலையிலும் சேராது.

கூட்டுத் தொழிலும் வாரிசும்

நிறுவனத்தின் நஷ்டம் நிறுவனத்தினுடையதே. பங்குதாரர் தன் ரிட்டர்னில் அதைக் கழிக்க முடியாது. லாபமோ நஷ்டமோ, நிறுவனம் ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும். பங்குதாரர் ஒருவர் விலகினால் அல்லது காலமானால் அவர் பங்குக்கு உரிய பழைய நஷ்டம் நிறுவனத்தில் நிற்காது (பிரிவு 78). 10 லட்சம் நஷ்டத்தோடு நிற்கும் நிறுவனத்தில் 30 சதவீதப் பங்குதாரர் விலகினால், முன்னெடுக்கும் நஷ்டம் 7 லட்சத்துக்கு இறங்கும். லாபம் வரப்போகும் ஆண்டுக்கு முன்னே விலகல் பத்திரம் எழுதுபவர்கள் இதைப் பேசிவிட்டு எழுதுங்கள்.

தந்தையின் தனித் தொழில் அவர் மறைவுக்குப் பின் பிள்ளைக்கு வாரிசாக வந்தால், நேரத்தில் தாக்கலான நஷ்டம் பிள்ளைக்கும் செல்லும். உயிரோடு இருக்கும்போதே மகனைச் சேர்த்து ஃபர்ம் ஆக்கினால் பழைய நஷ்டம் ஃபர்முக்குப் போகாது. அது தந்தையிடமே நிற்கும். ஃபர்மில் இருந்து அவர் பெறும் சம்பளமும் முதல் மேல் வட்டியும் தொழில் வருமானம் என்பதால் அதில் கழித்துக்கொள்ளலாம்.

காலமானவரின் ரிட்டர்னை வாரிசுதான் போட வேண்டும். அதற்கு இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் இவற்றோடு போர்ட்டலில் பிரதிநிதியாகப் பதிவு செய்து ஒப்புதல் பெற வேண்டும். வாரிசுச் சான்றிதழ் வரத் தாமதமாகும். காரியங்கள் முடிந்ததும் இதற்கு மனுக் கொடுத்துவிடுங்கள். துக்கத்தில் இருக்கும் குடும்பத்திடம் இதைச் சொல்வது சங்கடம்தான். ஆனால் இந்த ஒரு பதிவு தாமதமாகித்தான் பல நஷ்டங்கள் தேதி தவறுகின்றன.

தாமதத்தைப் பொறுக்கக் கோரும் மனு

தொகை பெரியது, தாமதத்துக்கு உண்மையான காரணம் இருக்கிறது என்றால் பிரிவு 119(2)(பி)-இல் மனுப் போடலாம். 2024 அக்டோபர் 1-இல் வந்த வாரியத்தின் சுற்றறிக்கை 11/2024 இப்போதைய வழிமுறை. கோரும் தொகை 1 கோடி வரை என்றால் முதன்மை ஆணையர் அல்லது ஆணையர், அதற்கு மேல் 3 கோடி வரை தலைமை ஆணையர், அதற்கும் மேல் முதன்மைத் தலைமை ஆணையர். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 5 ஆண்டுக்குள் மனு போக வேண்டும். மனு கிடைத்த மாதத்தின் முடிவில் இருந்து கூடியவரை 6 மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது சுற்றறிக்கை.

யாரிடம் மனு என்பது பான் எண்ணின் அதிகார எல்லையைப் பொறுத்தது, தொழில் நடக்கும் ஊரைப் பொறுத்தது அல்ல. தொழில் கானாடுகாத்தானில், பான் முகவரி சென்னையில் என்றால் உங்கள் ஆணையர் சென்னையில்தான். போர்ட்டலில் உங்கள் அதிகாரி யார் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். போர்ட்டலின் சர்வீசஸ் பகுதியில் காண்டொனேஷன் ரிக்வெஸ்ட் இருக்கிறது. அதில் பதிந்து, அதே மனுவைத் தாளிலும் உங்கள் ஆணையர் அலுவலகத்தில் கொடுத்து முத்திரை பெற்ற நகலை வைத்துக்கொள்வது நல்லது.

மனுவில் அதிகாரி பார்ப்பது இரண்டைத்தான். நஷ்டம் உண்மையா, கடைசித் தேதியில் போடாததற்கு உண்மையான இடர் இருந்ததா. முதலாவதுக்கு ஐந்தொகை, லாப நஷ்டக் கணக்கு, வரிக் கணக்கீடு, வங்கி அறிக்கை, ஜிஎஸ்டி ரிட்டர்ன்கள், போர்ட்டலில் கிடைக்கும் 26ஏஎஸ் (பிடித்த வரியின் விவரம்), ஏஐஎஸ் (ஆண்டுத் தகவல் அறிக்கை) இவற்றை இணையுங்கள். ஜிஎஸ்டியில் காட்டிய விற்றுமுதலும் வருமான வரியில் காட்டியதும் வேறுபட்டால், ஒப்பீட்டுத் தாள் ஒன்றை நீங்களே தயாரித்து வையுங்கள். அவர் கேட்டுப் பெறும் நிலை வரக்கூடாது. கோரும் நஷ்டத்தில் தேய்மானத்தைச் சேர்க்காதீர்கள், அதற்கு இந்த மனுவே தேவையில்லை.

இரண்டாவதுக்குத் தேதி வரிசை வேண்டும். மருத்துவமனையில் ஆகஸ்டில் இருந்தீர்கள், கடைசித் தேதி ஜூலை 31 என்றால் அந்தச் சான்று பயன்படாது. கடைசித் தேதிக்கு முன்னால் தொடங்கி, ரிட்டர்ன் போட்ட நாள் வரைக்கும் உள்ள முழு இடைவெளிக்கும் காரணம் இருக்க வேண்டும். மருத்துவச் சுருக்க அறிக்கை, இறப்புச் சான்றிதழ், தீ அல்லது வெள்ளச் சேதப் பதிவு, போர்ட்டல் பிழையின் தேதியுள்ள படம், கணக்கர் விலகியபோது நடந்த கடிதப் போக்குவரத்து என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தாள். "வேலைப் பளு", "சட்டம் தெரியவில்லை" என்ற வரிகளை மட்டும் நம்பி மனுப் போடாதீர்கள், தள்ளுபடியாக அவையே வழி. நேரில் விளக்க வாய்ப்பு வேண்டும் என்று மனுவிலேயே கேளுங்கள்.

தள்ளுபடியானால் ஆணையர் (மேல்முறையீடு) முன்போ தீர்ப்பாயத்திலோ போக முடியாது. ரிட் மனுதான். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களுக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. தொகையையும் செலவையும் ஒப்பிட்டுப் பார்த்தபின் போங்கள்.

மனு ஏற்கப்பட்டால் உத்தரவில் சொன்ன கெடுவுக்குள் 119(2)(பி) பிரிவைத் தேர்ந்து, உத்தரவு எண்ணும் தேதியும் கொடுத்து ரிட்டர்ன் தாக்கல் செய்யுங்கள், உடனே சரிபார்த்தும் விடுங்கள். இதற்கிடையே அடுத்த ஆண்டின் லாபத்தில் அந்த நஷ்டக் கழிப்பை 143(1)-இல் நீக்கியிருப்பார்கள். அது தானாகத் திரும்பாது. அந்த ஆண்டுக்குப் பிரிவு 154-இல் திருத்த மனுப் போட வேண்டும், அந்த 143(1) அறிவிப்பு வந்த நிதியாண்டு முடிந்து 4 ஆண்டுக்குள். அதோடு சிஎஃப்எல் பக்கத்தில் ஒவ்வொரு ஆண்டின் மிச்சமும் புதிய எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, ஒத்துப்போகாத ஆண்டுக்கெல்லாம் தனித்தனி 154 மனு கொடுங்கள்.